தோட்டத்து ஊரில் ஒரு துள்ளல் பாட்டுக்கு மாணவர்கள் மியூசிக் வீடியோ எடுப்பது எப்படி?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கல்லூரி மாணவர்கள் ஏழு பேர். தோழி ஒருத்தி எழுதிப் பாடிய தமிழ் பாப் பாட்டு, 3 நிமிடம் 20 வினாடி, வேகம் 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 பீட். ஊர் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன டவுன். கையில் இருப்பது கைப்பேசிகள் மட்டும். கதை வைப்பதா, நடனம் வைப்பதா, எங்கிருந்து தொடங்குவது?

எனக்கு ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் மாவட்டம். 2007-இல் பெயர் மாறியது. பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. நேரம் கிடைக்கும்போது மாணவர்களோடும் திரிவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கதையை விட்டுவிடுங்கள். மாணவர்கள் கொண்டுவரும் கதைகளில் பாதியில் காதலி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாள், மீதியில் நண்பன் மோட்டார் விபத்தில் போய்ச் சேர்ந்திருப்பான். துள்ளல் பாட்டில் இதையெல்லாம் எங்கே சொருகுவது? நடிக்கத் தெரியாதவர்களை வைத்துக் கதை எடுத்தால் பார்ப்பவருக்கு நடிப்புதான் உறுத்தும். அதே பிள்ளைகளை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, சிரிக்கவிட்டு எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேகமான பாட்டுக்கு வேண்டியது அசைவு. யார், எந்த வரியில், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைத்தான் திட்டமிட வேண்டும்.

அதற்கு ஒரு தாள் போதும். உங்கள் பாட்டு 200 வினாடி. 120 பிபிஎம் என்றால் வினாடிக்கு இரண்டு பீட், மொத்தம் 400 பீட். நான்கு பீட் ஒரு பார் என்று வைத்தால் 100 பார். உங்களில் பரதம் கற்றவர் இருந்தால் இன்னும் சுலபம்: இரண்டு பார் சேர்ந்தால் எட்டு எண்ணிக்கை, அவர்கள் சின்ன வயதிலிருந்து எண்ணுகிற அதே எட்டு. தாளில் 50 வரி போடுங்கள், ஒவ்வொரு வரியும் ஒரு எட்டு. பக்கத்தில் பாட்டு வரி, ஆள், இடம், அசைவின் திசை. சரணத்தில் ஒரு எட்டுக்கு ஒரு ஷாட் போதும். பல்லவி வரும்போது அதை இரண்டாக வெட்டுங்கள். மொத்தம் எழுபது ஷாட்டுக்குள் அடங்கிவிடும்.

எழுபது என்றதும் பயப்படாதீர்கள். எழுபதையும் தனித்தனியாக எடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் ஆரம்பம் முதல் முடிவு வரை மூன்று முறை ஓடவிட்டு எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, இடுப்பளவில் ஒன்று, முகம் மட்டும் ஒன்று. நான்கு இடம் என்றால் பன்னிரண்டு முழு ஓட்டம் கையில் இருக்கும். எடிட்டில் எந்த வரி சொதப்பினாலும் மாற்று இருக்கும். அப்புறம்தான் சிறு சிறு துணுக்குகள்: கை தட்டுவது, காலணி, தாவணி பறப்பது, நாய் குறுக்கே ஓடுவது.

அந்த நான்கில் ஒன்று கட்டாயம் செம்பனைக்குள் இருக்கட்டும். நம் ஊர்க்காரர்களுக்கே அதன் அருமை தெரியாது. செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுகிறார்கள்; பெரும்பாலும் மரத்துக்கு மரம் 9 மீட்டர். அதனால் ஓர் இடத்தில் நின்று மெல்லத் திரும்பினால் மூன்று வெவ்வேறு திசைகளில் நேர்க்கோட்டு வரிசை கண்ணுக்குத் திறந்து திறந்து மூடும். பாடுகிறவர் நடக்க, கேமரா பக்கவாட்டில் கூடவே வந்தால் பின்னால் வரிசைகள் தாளம் போடுவது மாதிரி விரிந்து சுருங்கும். காசு கொடுத்தாலும் நகரத்து ஸ்டூடியோவில் கிடைக்காத விஷயம் இது. ஆனால் எல்லாச் சந்திலும் நடக்க முடியாது. பொதுவாக ஒரு சந்து குலை வெட்டுபவர் நடக்கும் பாதை, அடுத்த சந்தில் வெட்டிய மட்டைகளை அடுக்கியிருப்பார்கள். மட்டை அடுக்கிய பக்கம் போகாதீர்கள். எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். மட்டைக் காம்பில் முள் வேறு. குலை வெட்டு நடக்கும் பகுதிக்குப் பக்கத்தில் அறவே வேண்டாம். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், மேலிருந்து விழுவது.

உள்ளே எல்லாம் பச்சை. பச்சை, பழுப்பு, கறுப்பு உடுத்தினால் ஆள் காணாமல் போய்விடுவார். மஞ்சள், சிவப்பு, ரோஜா நிறம் போடுங்கள். ஏழு பேரும் ஒரே நிற டிசட்டை போட வேண்டாம், அது விளையாட்டுப் போட்டி அணிவகுப்பு ஆகிவிடும்.

மற்ற மூன்று இடங்களை டவுனிலேயே தேடுங்கள். பழைய கடை வரிசையின் ஐந்தடி (கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை), பஸ் நிலையம், திடல். திடலில் சாயங்காலம் உருமி மேளக் குழு பயிற்சி எடுத்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாப் பாட்டின் நடுவில் எட்டு பார் உருமி வந்தால் கேட்பவன் நிமிர்ந்து உட்காருவான், படத்துக்கும் பத்துப் பேர் கூடுதலாகக் கிடைப்பார்கள். ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் எங்கள் பக்கம் நிறைய. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கரை சரியும், ஆழம் தெரியாது. அங்கே ஆடல் பாடல் வேண்டாம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தோட்டத்துப் பாட்டு என்றால் இடிந்த லயம், துருப்பிடித்த தகரம், தாத்தாவின் சுருக்கம் விழுந்த முகம் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. உங்கள் பாட்டு அதைக் கேட்கிறதா? நம் குடும்பங்களில் பெரும்பாலானவை தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு (டவுன் குடியிருப்புகளுக்கு) வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பல லயங்களில் இப்போது குடியிருப்பவர்கள் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளிகள். அவர்கள் துணி காயப்போட்ட கொடியை நீங்கள் பின்னணி ஆக்குவது எனக்குப் பிடிக்காது. அவர்களையே கேட்டு, அவர்களும் சேர்ந்து ஆட வந்தால் அது வேறு கதை.

இப்போது ஒரு வித்தை. ஏழு பேரில் இரண்டு பேருக்காவது ஆட வராது, எந்தக் குழுவிலும் அப்படித்தான். பல்லவியின் நடனத்தை எடுக்கும்போது யூடியூபில் பாட்டை 0.75 வேகத்தில் ஓடவிடுங்கள். மெதுவான பாட்டுக்கு நிதானமாக, சுத்தமாக ஆடட்டும், வாயும் அசைக்கட்டும். எடிட்டில் அந்தக் காட்சியை 133 விழுக்காடு வேகத்தில் ஓட்டினால் உதடு பாட்டோடு பொருந்தும், அசைவு மட்டும் வெடுக்வெடுக்கென்று துள்ளும். இதற்கு நேரெதிரும் உண்டு. பாட்டை 1.25 வேகத்தில் ஓடவிட்டு, வினாடிக்கு 30 பிரேம் எடுத்து, 24 பிரேமில் ஓட்டினால் உதடு சரியாக இருக்கும், முடியும் துணியும் மிதக்கும். பாட்டில் மூச்சுவிடுகிற இடம் ஒன்று இருக்குமே, இசை அடங்கிக் குரல் மட்டும் வரும் நான்கைந்து பார், அங்கே ஒருமுறை வைத்தால் போதும். முழுப் பாட்டிலும் மிதந்தால் துள்ளல் செத்துவிடும்.

பாட்டுக்கு முன்னால் நான்கு 'டிக்' ஒலி சேர்த்து ஒரு கோப்பு தயார் செய்யுங்கள், அப்போதுதான் எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். ஸ்பீக்கர் பாடுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கேமராவும் ஒலியைப் பதிவு செய்யட்டும், பின்னால் பொருத்துவதற்கு அது வேண்டும். தூர ஷாட்டில் மட்டும் கவனம்: ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் கேமராவுக்குப் பாட்டு பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதமாகக் கேட்கும், அதாவது இரண்டு பிரேமுக்கும் மேல். மென்பொருள் தானாகப் பொருத்தினாலும் உதடு முந்திக்கொண்டு நிற்கும். கையால் நகர்த்திச் சரி செய்யுங்கள்.

கேமராவில் தானியங்கியை அணைத்துவிடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம், ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஓடும். பிரேம் வேகம், ஷட்டர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் அதில் பூட்டலாம். இந்த நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடை ஐந்தடியிலோ மண்டபத்திலோ டியூப் விளக்கின் கீழ் எடுத்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள். இல்லாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

வெளிச்சத்துக்குக் கடிகாரம்தான் முக்கியம். நமக்குச் சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து மாலை ஏழு தாண்டி மறைகிறது. நடுப்பகலில் நேர் உச்சியில் நின்று கண் குழிகளைக் கறுப்பாக்கிவிடும். காலை ஏழரையிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு, இந்த இரண்டு துண்டும் வெளி இடங்களுக்கு. செம்பனைக்குள் மட்டும் கொஞ்சம் மேகம் போட்ட நேரம் நல்லது. வெயில் நேரத்தில் ஓலை வழியாக முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். காரின் முன் கண்ணாடிக்குப் போடும் வெள்ளி மடிப்பை முகத்துக்கு எதிரே பிடித்தால் நல்ல பிரதிபலிப்பான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். அந்த மாதங்களில் எடுத்தால் முக்கியமானதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். செம்பனைக்குள் இடி இடித்தால் உடனே வெளியே வந்து காருக்குள் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், தோட்டத்தில் லாரி நடமாட்டம் குறைவு.

அனுமதி விஷயம். தோட்டம் தனியார் நிலம். ஆபீசில் கிராணியை (தோட்டத்து எழுத்தரை) பார்த்து, கல்லூரிக் கடிதத்தோடு நாள், நேரம், ஆள் எண்ணிக்கை, வண்டி எண் எழுதிக் கொடுங்கள். "ஐயா, சும்மா ஒரு பாட்டுதான்" என்று வாய்வார்த்தையில் நின்றால் வாசல் காவலரிடம் மாட்டிக்கொள்வீர்கள். கோயில் என்றால் நிர்வாகம், தமிழ்ப்பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியர். சின்னப் பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரின் கையெழுத்து. ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமம் பற்றிய பயம் பலருக்கு உண்டு. 2020 ஜூலையில் சமூக ஊடகத்தில் போடுகிறவர்களுக்கும் அது வேண்டுமோ என்று பெரிய சலசலப்பு ஆனது, சில நாளிலேயே சாதாரணப் பயனர்களுக்கு அது இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. தொலைக்காட்சிக்கு விற்பதாக இருந்தால் மட்டும் விசாரியுங்கள். டிரோன் வைத்திருக்கும் அண்ணன் யாராவது ஆசை காட்டுவார். 400 அடிக்கு மேல் அனுமதியின்றி ஏற்ற முடியாது, தோட்டத்தின் ஒப்புதலும் வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாச் செம்பனையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு ஷாட் போதும், அதுகூட இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

செலவில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலமும் ஒரு பெட்டித் தண்ணீரும் இருந்தால் பதினொரு மணிவரை முகம் வாடாது. இனாமாக ஆட வந்த உருமிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் ஒழுங்காகச் சோறு போடுங்கள்.

கடைசியாகப் பாட்டின் உரிமை. தோழியே எழுதிப் பாடியது என்கிறீர்கள், நல்லது. சினிமாப் பாட்டு என்றால் மெட்டுக்கும் பதிவுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும், யூடியூபும் கண்டுபிடித்துவிடும். ஆனால் பின்னணி இசை யாருடையது? இணையத்தில் 'இலவச பீட்' என்று எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் படியுங்கள். பல பீட்கள் காசு பார்க்காத வரைக்கும்தான் இலவசம். நாளைக்கு மின்னல் எஃப்எம், ராகா மாதிரி வானொலியில் ஒலிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ரசீது பாடகியின் பெயரில் இருக்கட்டும், அந்த நேரத்தில் கையில் கார்டு வைத்திருந்தவர் பெயரில் வேண்டாம்.