ஒரே குளுக்கோசு, வேறு வேறு பிணைப்பு: கேள்வி பதில்

தாவரப் பல்சக்கரைட்டுகள் (பல சீனி மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள்) நோய் எதிர்ப்பை எப்படித் தூண்டுகின்றன என்று மலையக நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஹட்டன், உயர்தர மாணவி: மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலிதான். ஒன்று சோறாகிறது, மற்றது விறகாகிறது. நிர்ப்பீடனத்துக்கும், அதாவது நோய் எதிர்ப்புக்கும், இந்த வித்தியாசம் முக்கியமா, சேர்?

முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது, தங்கச்சி. மாப்பொருளில் அல்பா 1,4 பிணைப்பு (எண்கள் இணையும் காபன்களைச் சொல்கின்றன, அல்பா, பீற்றா என்பவை பிணைப்பின் திசையை); சங்கிலி சுருளும், நம் நொதியம் வெட்டிவிடும். செலுலோசில் பீற்றா 1,4. சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி நாராகிவிடும். பூஞ்சணத்தின் சுவரிலோ பீற்றா 1,3 சங்கிலியும் 1,6 கிளைகளும் இருக்கின்றன. நமது தின்குழியங்களில் (கிருமிகளை விழுங்கும் கலங்களில்) உள்ள டெக்டின்-1 என்ற வாங்கி, அதாவது கலத்தின் மேற்பரப்பில் உள்ள உணரி, பீற்றா குளுக்கான் எனப்படும் இந்த 1,3 சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும் என்று 2001இல் தெரியவந்தது. பூஞ்சணம் உள்ளே வந்துவிட்டது என்று உடல் அறிவது இப்படித்தான். செலுலோசை அந்த வாங்கி கண்டுகொள்ளாது. அளவும் முக்கியம்: கரைந்த பீற்றா குளுக்கான் வாங்கியில் ஒட்டும், ஆனால் துகளாக வந்தால்தான் பல வாங்கிகள் ஒரே இடத்தில் கூடி, கலம் முழுமையாக விழித்துக்கொள்ளும்.

பதுளை, ஓர் அக்கா: கற்றாழையும் வல்லாரையும் இதே மாதிரி வேலை செய்யுமா?

இல்லை அக்கா, அவற்றின் அமைப்பே வேறு. கற்றாழைச் சோற்றில் இருப்பது அசெமனான், அசெற்றைல் கூட்டங்கள் (சிறு அணுக்கூட்டங்கள்) ஒட்டிய, மனோசு என்ற வேறொரு சீனியின் சங்கிலி. அந்தக் கூட்டங்களைக் கழற்றினால் தூண்டும் திறன் குறைகிறது. வல்லாரையின் பெக்டின் என்ற பல்சக்கரைட்டில் நேர்மாறு: ஓர் ஆய்வில், அசெற்றைலை நீக்கிய பிறகுதான் அது கலங்களைத் தூண்டியது. வல்லாரைச் சம்பலை ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

தலவாக்கலை, ஓர் அண்ணன்: தேயிலையில், கொழுந்தைவிட முத்தல் இலையில் பல்சக்கரைட்டு கூடவாமே?

கூடத்தான். ஆனால் ஆய்வுகளில் எடுப்பது சுடுநீரில் பிரித்து, மதுசாரத்தில் வீழ்படிவாக்கிய செறிவு. கோப்பைத் தேத்தண்ணியை அதோடு ஒப்பிட முடியாது.

பேராதனை, பல்கலைக்கழக மாணவர்: என் இலைச்சாறு தின்குழியங்களை நன்றாகத் தூண்டுகிறது. இதை நம்பலாமா?

அவசரப்படாதீர்கள், தம்பி. பற்றீரியாச் சுவரின் இலிப்போபல்சக்கரைட்டு நனோகிராம் அளவில் கலந்திருந்தாலே கலங்கள் பொங்கிவிடும். நான் இரண்டு மாதம் கொண்டாடிய முடிவு ஒன்று இப்படித்தான் கைவிட்டுப் போனது. அந்த வலி இன்னும் இருக்கிறது. இலிப்போபல்சக்கரைட்டைப் பிடித்து முடக்கும் பொலிமிக்சின் பி என்ற மருந்தைச் சேர்த்து அதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள். தூண்டல் குறையாமல் அப்படியே இருந்தால், அப்புறம் சங்கிலியின் அமைப்பை ஆராயத் தொடங்கலாம்.