கண்டாங்கித் துண்டில் பட்டன் செய்யலாமா?

தையல் சந்தேகங்கள்: இந்த இதழில் துணி பட்டன். பதில் சொல்பவர், காரைக்குடியில் முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கும் தையல்கார அக்கா.

கேள்வி: எங்கள் அப்பத்தா தவறி ஒரு வருஷம் ஆகிறது. அவர் கட்டிய கண்டாங்கி ஒன்று, அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது, கிழிந்துபோய் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பேத்திகள் மூன்று பேரும் சட்டையில் வைத்துக்கொள்ள அதில் பட்டன் செய்ய முடியுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: செய்யலாம்மா. முதலில் சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கொசுவம் உரசிய இடமும் கால் பட்ட ஓரமும் சல்லடையாகத் தெரியும். அங்கே கத்தரி வைக்காதீர்கள். மற்ற இடங்களை இரண்டு பெருவிரலாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ‘சர்’ என்று சின்ன சத்தம் கேட்டாலே அந்தத் துணி ஊசியைத் தாங்காது.

அப்புறம் சாயம். எத்தனையோ தடவை துவைத்த சேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். தனிக் கிண்ணத்தில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். என் கையில் ஒருநாளும் நின்றதில்லை. கடைசியில் ஈரத்தோடு இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் இறங்காவிட்டால் வெட்டலாம்.

உள்ளே வைக்கச் சாதாரணச் சட்டை பட்டனே போதும். கடையில் 18 லைன் என்று கேளுங்கள். 40 லைன் சேர்ந்தால் ஒரு அங்குலம். 18 லைன் என்றால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். அதை மூட வேண்டிய துணிக்குப் பத்து ரூபாய் காசுதான் அளவு, 27 மில்லிமீட்டர். ஆனால் காசைத் துணிமேல் வைத்து வரையாதீர்கள். ஓர் அட்டையில் காசளவு ஓட்டை வெட்டி, அந்த ஓட்டை வழியாகச் சேலையைப் பாருங்கள். கட்டத்தின் நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஓட்டையின் நடுவுக்கு வரும்வரை அட்டையை நகர்த்துங்கள். இந்த ஒரு வேலையில் அவசரப்படக் கூடாது. கோடு கால் அங்குலம் தள்ளிப் போனால் அது ஏதோ ஒரு துணி. நடுவில் நின்றால் பார்த்தவுடன் கண்டாங்கி என்று தெரியும்.

பழைய துணி மெலிந்திருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளை பட்டன் வெளியே தெரியும். அதனால் அதே அளவில் மல் துணி ஒரு வட்டம் வெட்டி அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, இரட்டை நூலில் ஓடு தையல் போடுங்கள். தையல் ரொம்பப் பொடியாக வேண்டாம். பொடியாகப் போட்டால் சுருக்கம் கூடி வாய் சரியாக மூடாது. நடுவில் பட்டனை வைத்து நூலை இழுத்தால், வெற்றிலை வைக்கிற சுருக்குப்பையின் வாய் மூடுவதுபோலவே மூடிக்கொள்ளும். உங்கள் அப்பத்தா இடுப்பில் அப்படி ஒன்று இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். மூடிய வாயின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு தையல் போட்டு இறுக்கி முடியுங்கள்.

சட்டையில் தைக்கும்போது பட்டனுக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வைத்துத் தையுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளி நூல்களைச் சுற்றி நாலைந்து சுற்று நூல் கட்டுங்கள். அந்தக் கழுத்து இல்லாவிட்டால் துணி பட்டன், அது நுழையும் காஜாவை நெருக்கி, துணியைச் சுருக்கிவிடும்.

இந்தச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக நெய்பவர்களுக்கு அது பெருமை. உங்கள் பெட்டியில் இருப்பது ஒருவர் உடம்போடு இருந்து மெத்தென்று ஆன துணி. அதுபோல ஒன்று இனி நெய்ய முடியாது. வீணாக்காமல் வெட்டுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்து இருபது பட்டன் செய்தாலும் ஒரு சாண் துணிக்குமேல் ஆகாது.

கேள்வி: பட்டனுக்கு உள்ளே புளியங்கொட்டை வைத்தால் உருண்டையாக அழகாக வருகிறது. வைக்கலாமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். அது விதை, தண்ணீரில் ஊறினால் உப்பும், காயாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். அட்டையும் கூடாது, ஒரு சலவையில் கூழாகிவிடும். உருண்டை பட்டன் வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, அதே துணியின் பொடித் துண்டுகளையும் நூல் குப்பையையும் கெட்டியாக அடையுங்கள். இலவம் பஞ்சு முதல் நாள் குண்டாக நிற்கும், நனைந்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகரக் கிண்ணத்தில் துணியை வைத்து அமுக்கி எடுக்கும் கவர் பட்டன் சீக்கிரம் முடியும், பார்க்கவும் சீராக இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழந்தையின் வெள்ளைக் கவுனுக்கு அதைத்தான் வைத்தேன். நாலாவது சலவையில் ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் துரு வட்டம். அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. கவுனை மேஜையில் விரித்துக் காட்டிவிட்டு நின்றார். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. துருப்பிடிக்காத உலோகமா என்று கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கே மேல்.

கேள்வி: வளையத்தில் நூல் சுற்றிச் செய்யும் இங்கிலாந்து பட்டனை நம் துணியில் செய்யலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அது டார்செட் என்ற பகுதியின் வேலை. 1622-ல் ஆபிரகாம் கேஸ் என்பவர் ஷாஃப்ட்ஸ்பரி ஊரில் தொடங்கியதாகச் சொல்வார்கள். முதலில் ஆட்டுக்கொம்பு வில்லையைத் துணியால் மூடித் தைத்தார்கள்; கம்பி வளையத்தில் நூல் சுற்றியது பிறகு வந்தது. வீட்டிலிருந்தபடியே செய்த பெண்களுக்கு அது சோறு போட்டது. 1851-ல் லண்டன் கண்காட்சியில் பட்டன் செய்யும் இயந்திரம் வந்தது. கொஞ்ச காலத்திலேயே அந்தப் பிழைப்பு போய்விட்டது. அதைப் படித்தபோது எனக்கு நம் கைத்தறிதான் கண்முன் வந்தது.

துணியில் செய்ய, மெல்லிய பருத்தியைக் கால் அங்குல நாடாவாகக் கிழித்து, சின்ன பிளாஸ்டிக் வளையத்தில் நெருக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் சக்கரத்தின் ஆரக்கால்போல நூல் கட்டி, மற்றொரு நிற நூலால் நடுவிலிருந்து வெளியே பின்னிக்கொண்டு வாருங்கள். நம்மூர் ஓலைக் கொட்டானுக்கு ஓரம் கட்டிப் பழகிய கைக்கு இது அரை நாளில் வந்துவிடும்.

கேள்வி: பட்டு ரவிக்கையின் முதுகில் அதே பட்டில் பட்டன் வரிசை வைத்தேன். இரண்டே கல்யாணத்தில் கறுத்துவிட்டது.
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: அது பின்னலின் தேங்காயெண்ணெய். முதுகு பட்டனுக்கு அடர்ந்த நிறத் துண்டையே எடுங்கள். ஜரிகையை மேலே வராமல் வெட்டுங்கள், மடிப்பில் பிரிந்து குத்தும்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் என் துணி பட்டனை விலைக்குக் கேட்கிறார்கள். என்ன விலை சொல்ல?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: துண்டுத்துணிதானே என்று விலையைக் குறைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு ஒரு பட்டனுக்கு ஆறேழு நிமிஷம் ஆகிறது, ஒரு டஜனுக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் ரவிக்கை தைத்தால் கிடைக்கிற கூலியை முதலில் வையுங்கள். நூலும் உள் பட்டனும் அதன்மேல்.

கேள்வி: அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. அவருடைய பழைய வேட்டிக் கரையில் சட்டைக்கு பட்டன் செய்து தர ஆசை. ஆனால் துணி பட்டனை அவரால் மாட்ட முடியுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: முடியாது தம்பி, துணி பட்டன் வழுக்காது, காஜாவில் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்யுங்கள். காஜாவைத் தைத்து மூடிவிட்டு அதன் மேலேயே பட்டனைத் தைத்துவிடுங்கள். பட்டிக்கு அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் நேராக ஓர் அங்குல வெல்க்ரோ வையுங்கள். சொரசொரப்பான பக்கம் உடம்பில் படாமல் வெளிப்பார்வையாக இருக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு பட்டன் போட்ட சட்டையாகத்தான் தெரியும், அவர் ஒரு கையாலேயே அமுக்கி மூடிக்கொள்வார். கழுத்துப் பட்டனை மட்டும் விட்டுவிடுங்கள். அது திறந்தே இருக்கட்டும், மூச்சு முட்டாது.