சித்தோ மடமும் திராட்சை அறுவடைத் திருவிழாவும்: வாசகர் கேள்வி – பதில்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருக்கும் சித்தோ துறவு மடம், அதன் புகழ்பெற்ற வூஜோ திராட்சைத் தோட்டம், அங்கே நடக்கும் அறுவடை விழாக்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சித்தோ மடம் சதுப்பு நிலத்தில் எழுந்தது என்று படித்தேன். சதுப்பில் திராட்சை எப்படி விளைந்தது? (திருச்சி வாசகர்)

விளையவில்லை. அதனால்தான் வூஜோ தோட்டம் உருவானது.

மொலெம் மடத்தின் தலைவராக இருந்த ரொபேர், அங்கே பெனடிக்ட் ஒழுங்கு, அதாவது புனித பெனடிக்ட் வகுத்த துறவு விதிகள், தளர்ந்துவிட்டதாகக் கருதி, சுமார் இருபது துறவிகளோடு வெளியேறி 1098 மார்ச் 21 அன்று சித்தோவில் மடம் தொடங்கினார். நம் கோயில்களில் ஆசீர்வாதப்பர் என்று வணங்கும் புனித பெனடிக்டின் திருநாள் அது. அந்த ஆண்டு குருத்து ஞாயிறும் அன்றுதான். காடும் ஈரமுமாகக் கிடந்த இடம் அது. அங்கே கொடியை நட்டால் வேர் தண்ணீரில் நின்று அழுகும், காய் பழுக்காது. திருப்பலிக்குத் திராட்சை ரசம் கட்டாயம் வேண்டும், விருந்தினரை வெறும் தண்ணீரோடு அனுப்ப முடியாது. ஆகவே மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, வூழ் ஓடையின் பக்கமாகச் சுண்ணாம்புக்கல் சரிவுகளைப் பார்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தானமாகவும் விலைக்கும் பரிமாற்றமாகவும் துண்டு துண்டாக நிலம் சேர்த்தார்கள். சுற்றுச்சுவர் 1336 வாக்கில் முடிந்தது என்பது பொதுவான கணக்கு. உள்ளே ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது சுமார் 125 ஏக்கர். ஒரே சுவருக்குள் இவ்வளவு பெரிய தோட்டம் பர்கண்டியில் அரிது.

நாளுக்குப் பலமுறை செபத்துக்குக் கூடும் துறவிகள் அறுவடை வேலையை எப்படிச் செய்தார்கள்? (நாகர்கோவில் வாசகி)

பெனடிக்ட் ஒழுங்கிலேயே இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். கையால் உழைத்து உண்பவரே உண்மையான துறவி என்கிறது 48ஆம் அதிகாரம். விளைச்சலைத் தாங்களே சேகரிக்க வேண்டி வந்தால் வருத்தப்படக் கூடாது என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. கோயிலுக்கு நேரத்தில் திரும்ப முடியாத தூரத்தில் வேலை செய்பவர்கள் நிற்கும் இடத்திலேயே முழந்தாளிட்டுச் செபிக்கலாம் என்பது 50ஆம் அதிகாரம். கோடைக்காலத்தில் புதன், வெள்ளி நோன்பை வயல் வேலையும் வெயிலும் இருந்தால் தளர்த்தலாம். வேலை கடுமையான நாளில் குடிக்கும் அளவைக் கூட்டுவது மடத் தலைவரின் விருப்பம்.

இருந்தாலும் 12 கிலோமீட்டர் தினமும் போய்வருகிற தூரமில்லை. இங்கேதான் சித்தோ துறவிகளின் ஏற்பாடு தெரிகிறது. பாடகர்குழுத் துறவிகளைத் தவிர, பொதுநிலைச் சகோதரர்கள் என்று தனிப் பிரிவை வைத்திருந்தார்கள். இவர்களுக்கும் வார்த்தைப்பாடு உண்டு, ஆனால் நீண்ட இலத்தீன் வழிபாட்டுக் கடமை இல்லை. இவர்கள் வெளித் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்தார்கள். வூஜோவில் பாதி நிலத்துக்குள் இறங்கிய கல் கிடங்கு 12ஆம் நூற்றாண்டுடையது. கெட்டியான சுவர், குறைந்த வெளிச்சம், ஆண்டு முழுக்க அதிகம் மாறாத குளிர்ச்சி. ரசம் கெடாமல் இருக்க இதைவிட நல்ல இடம் அன்றைக்குக் கிடையாது. இன்று நாம் பார்க்கும் மாளிகை பின்னால் வந்தது. 1551இல் மடத் தலைவர் ழான் லுவாசியே கட்டியது.

அறுவடை நாளை யார் குறிப்பார்கள்? தவறாகக் குறித்தால் என்ன ஆகும்? (கம்பம் வாசகர்)

இந்தப் பொருளில் முக்கியமான கேள்வி இதுதான். பழைய பிரான்சில் அறுவடை நாளை ஊர் அதிகாரமோ நிலப்பிரபுவோ முறைப்படி அறிவிப்பார்கள். அதற்கு முன் எவரும் குலையில் கத்தி வைக்கக் கூடாது. மூன்று காரணங்கள். அவசரப்பட்டு காயாகப் பறித்தால் ரசம் புளித்து ஊரின் பெயர் கெடும். ஒருவர் முன்னதாகப் பறிக்கப் புகுந்தால் பக்கத்துத் தோட்டத்துக் குலையும் அவர் கூடைக்குப் போகும். எல்லோரும் ஒரே சமயத்தில் பறித்தால்தான் கோயிலுக்கும் பிரபுவுக்கும் சேர வேண்டிய பங்கை எண்ணி வாங்க முடியும். சுவர் சூழ்ந்த தோட்டங்களுக்குப் பொதுவாக இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது. சுவரை வெறும் காவலாகப் பார்க்க வேண்டாம்: தன் குலை பழுத்த நாளில் தானே பறிக்கும் உரிமையும் சுவரோடு சேர்ந்தே வந்தது.

பூத்து ஏறத்தாழ நூறு நாளில் பழம் தயாராகும். பினோ நுவார் என்ற கருந்திராட்சைதான் இங்கே முக்கியம். அதன் தோல் மெல்லியது, குலை நெருக்கமானது. முன்கூட்டிப் பறித்தால் சர்க்கரை குறைவு, விதை பச்சையாகவே இருந்து துவர்ப்பை இறக்கும். தாமதித்தால் புளிப்பு இறங்கிவிடும். புளிப்பு இல்லாத ரசம் கிடங்கில் நிற்காது. இரண்டுக்கும் நடுவே மழை வந்தால்தான் பெரிய ஆபத்து. நெருக்கமான குலைக்குள் ஈரம் புகுந்து, ஒரு பழம் வெடித்து, சாம்பல் பூஞ்சை இரண்டு மூன்று நாளில் குலை முழுக்கப் பரவும். அழுகிய பழம் நிறத்தையும் தின்னும், மணத்தையும் தின்னும். ஆகவே வெட்டுகிறவர் குலையைக் கையில் திருப்பிப் பார்த்து, அழுகிய பகுதியைக் கொடியடியிலேயே வெட்டி எறிந்துவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். கூடைக்குள் போனபின் பொறுக்கலாம் என்று விட்டால், சாறு கசிந்து நல்ல பழத்தையும் நனைத்துவிடும்.

பர்கண்டியிலுள்ள போன் (Beaune) நகரத்தின் அறுவடை நாள்களை ஆய்வாளர்கள் 1354இலிருந்து தொடராகத் தொகுத்திருக்கிறார்கள். 1987 வரை செப்டம்பர் 28 ஒட்டித்தான் அறுவடை தொடங்கியது. 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. 2003 வெயிலில் ஆகஸ்டிலேயே பறித்தார்கள். அறுநூறு ஆண்டுக்கும் மேலான வரவு செலவு ஏடுகளும் நகரசபைக் குறிப்புகளும் இன்று பருவநிலை ஆய்வுக்குச் சான்றாக நிற்பது நமக்கெல்லாம் பாடம். நம் ஊர்க் கோயில் கணக்குகளையும் கரையான் தின்ன விடக் கூடாது.

பறித்த பின் என்ன செய்வார்கள்? ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு பழம் வேண்டும்? (யாழ்ப்பாண வாசகர்)

பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். அதை நிரப்ப ஏறத்தாழ 300 கிலோ பழம் வேண்டும்.

சிவப்பு ரசத்துக்குப் பழத்தை மிதித்துத் தோலோடும் சாறோடும் பெரிய மரத்தொட்டியில் விடுவார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. சில நாளில் நொதித்தல் தொடங்கி, தோலும் காம்பும் மேலே கிளம்பிக் கட்டியான மூடியாக நிற்கும். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை உள்ளே அமுக்க வேண்டும். விட்டுவிட்டால் மூடியின் மேற்பகுதி காற்றுப்பட்டுக் காடியாகும், பிறகு தொட்டி முழுவதும் காடி வாசனைதான். அமுக்குவதற்குத் தொழிலாளர் தொட்டிக்குள்ளேயே இறங்கும் வழக்கம் இருந்தது. அங்கேதான் உயிராபத்து. நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் மேற்பரப்பில் தேங்கி நிற்கும். மெழுகுதிரியை இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்க மாட்டார்கள். திரி எரிகிறதே என்று இறங்குவதும் முழுப் பாதுகாப்பல்ல. இன்று வாயு அளவி வைக்கிறார்கள், ஆள் இறங்காமல் இயந்திரத்தால் அமுக்குகிறார்கள்.

நொதித்தது அடங்கியபின் ரசத்தை வடித்து, மிஞ்சிய தோலைப் பிழிவார்கள். வூஜோவில் துறவிகள் காலத்து வகையைச் சேர்ந்த நான்கு பிரம்மாண்டமான மரப் பிழிபொறிகளை இன்றும் காணலாம். நம் ஏற்றமரம் போலத்தான் தத்துவம்: நீளமான கருவாலி உத்தரம் ஒரு முனையில் நிலைத்திருக்கும், மறுமுனையில் மரத் திருகைப் பலர் சேர்ந்து சுற்ற உத்தரம் இறங்கித் தோல்குவியலை அழுத்தும். மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். வேகமாக அழுத்தினால் விதை நசுங்கிக் கசப்பு வரும்.

மேல்சரிவு ரசம் போப்புக்கு, நடுச்சரிவு ஆயர்களுக்கு, கீழ்ப்பகுதி துறவிகளுக்கு என்று பிரித்தார்களாமே? (புதுச்சேரி வாசகர்)

வழிவழியாகச் சொல்லப்படும் கதை அது. வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண் வேறுபாடு மட்டும் உண்மை. மேலே சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண், நடுவில் களிமண் கலந்த சுண்ணாம்பு மண், கீழே சாலையோரம் நீர் வடியாத கனத்த மண். இன்று சுமார் 80 உரிமையாளர்கள் இருப்பதால், ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டிய இரண்டு புட்டிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கலாம்.

செப்டம்பரில் அறுவடை என்றால், திருவிழாவை ஜனவரியில் வைப்பது ஏன்? எந்த விழா உண்மையான அறுவடை விழா? (வேளாங்கண்ணி வாசகி)

பல கடிதங்களில் இந்தக் குழப்பம் இருந்தது. பர்கண்டியில் அறுவடையைச் சுற்றி ஒன்றல்ல, பல நாள்கள் இருக்கின்றன.

முதலாவது ஆகஸ்ட் 6, ஆண்டவரின் உருமாற்ற விழா. முதலில் பழுத்த திராட்சையைப் பீடத்துக்குக் கொண்டுவந்து ஆசீர்வதிக்கும் பழைய திருச்சபை வழக்கம் இந்த நாளைச் சேர்ந்தது.

இரண்டாவது, அறுவடை முடியும் நாள். கடைசி வண்டியைப் பூவும் கிளையுமாக அலங்கரித்துக் கொண்டுவருவார்கள். தோட்டக்காரர் வேலை செய்த அனைவருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு போடுவார். இதற்குப் போலே என்று பெயர். அறுவடை விழாவின் மூலவேர் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. பறிக்கும் நாள்களில் விழா எடுக்க எவருக்கும் நேரம் கிடையாது. முதுகு ஒடிய வேலை செய்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் நாளே விழா நாள். மெர்ஸோ ஊரில் கோமகன் ழுயூல் லஃபோன் 1923இல் இதைப் புதுப்பித்தார். இன்று நவம்பர் மூன்றாம் வார இறுதியை ஒட்டிய திங்களன்று, விருந்தினர் தத்தம் புட்டிகளைக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளும் பெருவிருந்தாக நடக்கிறது. அதற்கு முந்தைய ஞாயிறன்று போன் நகர மருத்துவமனையின் ரச ஏலம். 1443இல் நிக்கொலா ரொலான் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை அது. ஏலம் 1859இலிருந்து நடக்கிறது, பணம் மருத்துவத்துக்கும் அறப்பணிக்கும் போகிறது.

மூன்றாவது புனித வின்சென்ட் திருநாள், ஜனவரி 22. சரகோசாவின் திருத்தொண்டரான இவர் 304 வாக்கில் மறைசாட்சியாக இறந்தவர், திராட்சை விவசாயிகளின் பாதுகாவலர். ஜனவரியில் கொடி உறங்கும். பழைய ரசம் கிடங்கில் இருக்கும், கவாத்து வேலை தொடங்கும் தறுவாய். ஓய்வாக ஊர் கூட அதைவிட நல்ல பருவம் இல்லை. ஊருக்கு ஊர் இவர் பெயரில் பரஸ்பர உதவிச் சங்கங்கள் உண்டு. உறுப்பினர் ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவர்கள் அவர் தோட்டத்து வேலையைச் செய்து கொடுப்பார்கள். பல ஊர்களில் இவருடைய சொரூபம் ஆண்டுக்கு ஓர் உறுப்பினர் வீட்டில் தங்கும்.

இந்தச் சங்கங்களை ஒன்றுகூட்டி, ஆண்டுதோறும் வேறொரு ஊரில் நடக்கும் சுழல் விழாவை 1938இல் தொடங்கியது தாஸ்த்வென் வீரர் கழகம் (தாஸ்த்வென் என்பது ரசம் சுவைபார்க்கும் சிறு கிண்ணம்). 1934இல் ரசம் விற்காமல் தேங்கிய பொருளாதார நெருக்கடியில் பிறந்த கழகம் இது. 1944இலிருந்து வூஜோ மாளிகை இதன் வசம். ஜனவரி கடைசி வார இறுதியில், விடியற்காலைக் குளிரில் சங்கங்களின் பதாகைகளும் சொரூபங்களும் தோட்டப் பாதைகளில் பவனி வரும். பிறகு திருப்பலி, பிறகுதான் சுவைபார்ப்பு. போக நினைப்பவர்கள் அந்த ஆண்டு எந்த ஊர் என்று பார்த்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள். கூட்டம் பத்து மணிக்கு மேல் சேரும். பவனியைக் காண வேண்டுமானால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கழகத்தாரின் சிவப்பு அங்கியும் ஆடம்பரமும் 20ஆம் நூற்றாண்டின் ஏற்பாடு. சங்கமும் சொரூபமும் அதைவிடப் பழையவை.

மடம் இன்றும் இருக்கிறதா? (கோவை வாசகர்)

இருக்கிறது, ஆனால் தோட்டம் அதனுடையதல்ல. பிரெஞ்சுப் புரட்சியில் சொத்து பறிமுதலாகி 1791இல் விற்கப்பட்டது. வூஜோ 1889 வரை ஒருவர் கையிலோ ஒரே குடும்பத்திடமோ இருந்து, பிறகு சிதறியது. மடத்தின் பழைய கட்டடங்களில் பெரும்பகுதி இடிந்துபோக, 15ஆம் நூற்றாண்டு நூலகம் போன்ற சில மட்டும் தப்பின. துறவிகள் 1898இல் திரும்பினார்கள். 1925 முதல் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். கேரளத்தின் வாகமண் அருகே 1958இல் தொடங்கி, மாட்டுப்பண்ணைக்குப் பேர்போன குரிசுமலை ஆசிரமமும் பின்னாளில் சித்தோவிலிருந்து கிளைத்த சிஸ்டர்சியன் துறவுக் குடும்பத்தில் சேர்ந்ததுதான்.

எங்கள் பங்கில் பெரும்பாலும் திராட்சை விவசாயிகள். இங்கே இப்படி ஒரு விழா எடுக்கலாமா? (சின்னமனூர் வாசகர்)

எடுக்கலாம், அப்படியே பிரதி எடுக்க முடியாது. பர்கண்டியில் பனிக்காலம் எல்லாக் கொடியையும் ஒன்றாக உறங்கவைத்து ஒன்றாக எழுப்புகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த உறக்கம் இல்லை. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம், ஆளாளுக்குக் கவாத்து நாள் வேறு. ஊருக்கெல்லாம் ஒரே அறுவடை நாள் கிடைக்காது. பன்னீர் திராட்சையையே 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவதால், தொடர்பு உங்களுக்கு இல்லாமல் இல்லை.

ஆகஸ்ட் 6ஐ ஒட்டிய ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் காய்ப்பில் இருக்கும் தோட்டங்களிலிருந்து குலை வரட்டும். குலை பறிக்கும் கூலியாட்கள் பந்தியின் முதல் வரிசையில் உட்காரட்டும். உதவிச் சங்கம் ஒன்றை அதே நாளில் தொடங்கி, நோயாளி வீட்டுத் தோட்டத்தில் கவாத்துக்கு யார் யார் போவது என்று பெயர் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாத விழா வெறும் ஊர்வலமாக நின்றுவிடும். திருப்பலி ரசம் நீங்களே தயாரிக்க ஆசைப்பட வேண்டாம்: கலப்பற்ற, கெடாத திராட்சை ரசமே செல்லும் என்பது திருச்சபைச் சட்டம், அதற்கு மேல் அரசு உரிமமும் வேண்டும். ஆசீர்வாதத்துக்கு வரும் குலைகளை, கடைசியாக மருந்தடித்த பின் புட்டியில் அச்சிட்ட காத்திருப்பு நாள்கள் முடிந்த தோட்டத்திலிருந்து மட்டும் எடுங்கள். பிள்ளைகள் அதைக் கோயில் வாசலிலேயே, கழுவாமல்தான் தின்பார்கள்.