புல்லை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம்?

சான் ஹோசேயில் வீடு வாங்கிவிட்டேன், வாசல் புல்தரைக்குத் தண்ணீர் விட்டே பில் எகிறுகிறது, வறட்சி தாங்கும் செடிகளுக்கு மாறினால் எச்.ஓ.ஏ. (குடியிருப்புக்கு விதி போடும் வீட்டு உரிமையாளர் சங்கம்) சண்டைக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வந்தாலும் செல்லாது. தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகளை எச்.ஓ.ஏ. தடுக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. 2015-இல் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் உத்தரவு போட்டாரே, அந்த வறட்சியில் எத்தனையோ வீட்டு வாசல்கள் மாறிவிட்டன.

ஆனால் இந்த வாரமே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். புல்லை எடுப்பதற்கு இங்கே உள்ளூர்த் தண்ணீர் வாரியமான வேலி வாட்டர் (Valley Water) சதுர அடிக் கணக்கில் பணம் தருகிறது, அதற்குப் புல் இருக்கும்போதே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். தொகை அவ்வப்போது மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் லானில் இருப்பது என்ன புல் என்று பாருங்கள். சாதாரணப் புல் என்றால் ஒட்ட வெட்டி, அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இடைவெளி விடாமல் பரப்பி, நன்றாக நனைத்து, மேலே மூன்று நாலு அங்குலம் மரச்சில்லு மூடாக்கு போட்டால் அடியிலேயே மட்கிவிடும். பெர்முடா கிராஸ் என்றால் கதை வேறு. அது வேறொன்றும் இல்லை, நம்ம பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்தான்! 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவது எவ்வளவு சரி என்று அதைப் பிடுங்கும்போது தெரியும், அட்டையின் ஓரம் கண்டுபிடித்து வெளியே வந்துவிடும். அதைக் கொல்ல, கோடை உச்சத்தில் தண்ணீர் பாய்ச்சி, நிறமில்லாத பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விளிம்பெல்லாம் மண் போட்டு, நாலிலிருந்து ஆறு வாரம் வெயிலில் வேகவிடுங்கள்.

நடுவது அக்டோபர், நவம்பரில். கடைகளில் வசந்த காலத்தில்தான் செடி குவிந்து கிடக்கும், மயங்காதீர்கள். இங்கே மழை குளிர்காலத்தில், கோடையில் சொட்டுக்கூட இருக்காது, அதற்குள் வேர் இறங்கியிருக்க வேண்டும். கிளீவ்லண்ட் சேஜ் என்ற புதர்ச்செடி வையுங்கள், பக்கத்தில் உரசிப் போனாலே வாசனை தூக்கும். கலிபோர்னியா பாப்பி விதையை மழைக்கு முன் சும்மா தூவினால் போதும். மன்சனீட்டா, சியனோதஸ் இரண்டும் நல்ல புதர்கள், முதல் ஓரிரு கோடை மட்டும் சொட்டுநீரில் ஆழமாக, இடைவெளி விட்டு நனையுங்கள். தினமும் வாளியோடு போய் ஊற்றுகிற நம்ம ஊர்ப் பழக்கம்தான் சியனோதஸுக்கு எமன், சூடான ஈர மண்ணில் வேர் அழுகிவிடும்.

வெறும் ஜல்லியைக் கொட்டி முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, வெயிலில் வாசலே அடுப்பாகிவிடும்.

அப்புறம், கறிவேப்பிலை வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்: தாராளமாக வையுங்கள், ஆனால் நண்பர் வீட்டிலிருந்து கன்று கொண்டுவராமல் உரிமம் உள்ள நர்சரியில் வாங்குங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், பல பகுதிகளில் செடியை இடம் மாற்றத் தடை இருக்கிறது.