தாகம் இல்லை என்றாலும் தண்ணீர் கொடுங்கள்

வணக்கங்க. காங்கேயத்தில் இருக்கும் உங்கள் அப்பாருக்கு 74 வயது, கட்டிலை விட்டு எழுந்தால் கிறுகிறுக்கிறது, தண்ணீர் கொடுத்தால் "தாகமே இல்லை சாமி" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது வீம்பு இல்லைங்க. வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடும். சிறுநீரகமும் முன்போல நீரைச் சேமிக்காது. எழும்போது ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்காததால் அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் காலையில் மோர் கரைத்த கம்மங்கூழ், அப்புறம் கேட்காமலேயே அவ்வப்போது ஒரு டம்ளர் தண்ணீர். எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். எங்கள் ஆத்தா இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தது இப்படி எழுந்தபோதுதான்.