டெசியின் ஜோக்கைப் பறித்த படம்

கே: அமெரிக்க டிவியின் புகழ்பெற்ற நகைச்சுவைத் தம்பதி லூசில் பால் – டெசி ஆர்னாஸ் பற்றிய 'பீயிங் த ரிக்கார்டோஸ்' படத்தை ஓடிடியில் பார்த்தேன். லூசி கர்ப்பமாக இருப்பது தெரியவருவது, அவரைக் கம்யூனிஸ்ட் என்று சொல்வது, கணவரின் பெண் சகவாசம் பத்திரிகையில் வருவது எல்லாம் ஒரே வாரத்தில் நடக்கின்றன. நிஜத்தில் அப்படி இல்லையாமே? உண்மைக் கதை என்று சொல்லிவிட்டு இப்படிப் புளுகலாமா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

ப: நிஜத்தில் அப்படி இல்லைதான். 'ஐ லவ் லூசி' தொடரில் லூசி கர்ப்பிணியாக வந்தது 1952 கடைசியில். கம்யூனிஸ்ட் விவகாரம் வெடித்தது 1953 செப்டம்பரில். டெசியின் லீலைகளைப் பத்திரிகை எழுதியது 1955 தொடக்கத்தில். இதையெல்லாம் ஒரு வாரத்துக்குள் அடைத்ததற்காக இயக்குநர் ஆரன் சார்க்கினுடன் நான் சண்டைக்குப் போகமாட்டேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு தாம்பத்யத்தைச் சொல்ல வருகிறவர் காலண்டரை மடிக்கத்தான் வேண்டும்.

சொல்லப்போனால், படத்தின் அருமையான இடங்கள் அந்த ஒரு வாரக் கெடுவால்தான் கிடைத்திருக்கின்றன. தொடருக்கான காட்சியில் டெசி பின்னால் வந்து லூசியின் கண்ணைப் பொத்துகிற ஒரு சின்ன விஷயம். கதவு திறந்த சத்தம் அந்த மனைவிக்குக் கேட்காதா, வந்தது யார் என்று தெரியாதா என்று லூசி விடாமல் நச்சரிக்கிறார். நடுராத்திரியில் சக நடிகர்களை வரவழைத்து, சாப்பாட்டு மேஜைக் காட்சியை மறுபடி ஒத்திகை பார்க்கிறார். சிரிப்பு எவ்வளவு கடுமையான வேலை என்பதை லூசியாக வரும் நிக்கோல் கிட்மன் அங்கே முகத்தில் கொண்டுவந்துவிடுகிறார்.

எனக்கு ஆறாத கோபம் கிளைமாக்ஸ் மீது. நடந்தது இது: லூசி 1936-ல், சோஷலிஸ்டான தன் தாத்தாவின் மனம் கோணக் கூடாதென்று, கம்யூனிஸ்ட் கட்சி வாக்காளராகப் பதிவு செய்துகொண்டார். பதினேழு வருஷம் கழித்து, கம்யூனிஸ்ட்களைத் தேடிக்கொண்டிருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழு அதைத் தோண்டியது. குழு அவர் விளக்கத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் விஷயம் ரேடியோவுக்குக் கசிந்து, நாடெங்கும் தலைப்புச் செய்தியாகிவிட்டது. அந்த வாரப் படப்பிடிப்பு 1953 செப்டம்பர் 11. வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் கைதட்டுவார்களா, கூச்சல் போடுவார்களா, யாருக்கும் தெரியாது. டெசி அவர்கள் முன்னால் போய் நின்றார். இவள் கம்யூனிஸ்ட் இல்லை என்று நேராகச் சொன்னார். பிறகு, என் மனைவியிடம் சிவப்பாக இருப்பது அவள் தலைமுடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை என்றார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. லூசி பிழைத்தார்.

படத்தில்? டெசி மேடையில் நின்றபடி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கு ஃபோன் போடுகிறார். லூசி மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று ஹூவரே கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்கிறார். உடனே கைதட்டல். மேடையில் அப்படி ஒரு ஃபோன் பேச்சு நடக்கவே இல்லை.

நீங்கள் புளுகு என்று கேட்டீர்களே, புளுகு இதுதான். அந்த விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காகத் திரைக்கதாசிரியர்களும் இயக்குநர்களுமாகப் பத்துப் பேர் சிறைக்குப் போயிருந்தார்கள். சாப்ளின் லண்டனுக்குக் கப்பலேறியதும் அமெரிக்கா அவருக்குக் கதவைச் சாத்தி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கலைஞர்களைப் பற்றிக் கட்டுக் கட்டாகக் கோப்பு சேர்த்தது ஹூவரின் எஃப்.பி.ஐ. அவர் கையால் ஒரு நடிகைக்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, அதற்கு நம்மையும் கைதட்டச் சொல்வது அந்தப் பத்துப் பேருக்குச் செய்கிற அவமரியாதை.

டெசிக்கும் அநியாயம். கியூபாவில் 1933 கிளர்ச்சியில் தந்தை சிறைப்பட, பிறகு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். தொடரில் லூசிக்குக் கணவனாகக் கியூபாக்காரனா என்று சி.பி.எஸ். டிவி நிறுவனம் தயங்கியபோது, 1950-ல் இருவரும் மேடை மேடையாக ஜோடியாக நடித்து, ஜனங்கள் ஏற்கிறார்கள் என்று காட்டினார்கள். நியூயார்க்கிலிருந்து நேரலையாகச் செய்யச் சொன்னதற்கு, ஹாலிவுட்டில் ரசிகர்கள் முன்னிலையில் மூன்று கேமரா வைத்து ஃபிலிமில் எடுப்போம் என்று நின்றார். அந்தச் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு எபிசோடுகளின் உரிமையைக் கேட்டு வாங்கினார். அது எப்பேர்ப்பட்ட சொத்து என்பது மறு ஒளிபரப்புகள் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. கூட்டத்தின் நாடி பிடித்தே வளர்ந்த அந்த மனிதர் தன் தொழிலை வைத்தே மனைவியைக் காப்பாற்றிய ராத்திரி அது. சார்க்கின் அதைப் போலீஸ் தலைவர் கணக்கில் எழுதிவிட்டார்.

டெசி குடித்தார், வேலி தாண்டினார். 1960-ல் விவாகரத்தில் முடிந்தது. படம் அதை மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. தப்பையெல்லாம் அவர் பெயரில் எழுதுகிறவர், அந்த ஒரு ஜோக்கையும் அவர் பெயரிலேயே விட்டிருக்க வேண்டும்.