நகராட்சிக் கட்டிடம், சங்கத்தின் சாவி

பொது உடற்பயிற்சிக் கூடங்களை நடத்துவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். காவிரி டெல்டா ஊர்களிலிருந்துதான் கடிதங்கள் அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

*எங்கள் வார்டில் நகராட்சி கட்டிய ஜிம் திறப்பு விழாவோடு சரி, பூட்டியே கிடக்கிறது. எங்கள் இளைஞர் மன்றம் எடுத்து நடத்தத் தயார். யாரைப் போய்ப் பார்ப்பது?*
– வாசகர், மன்னார்குடி

யாரையும் பார்ப்பதற்கு முன், உங்கள் மன்றம் பதிவு பெற்றதா என்று சொல்லுங்கள். திருவிழாவில் நீர்மோர் ஊற்றுகிற மன்றம் நல்ல மன்றமாக இருக்கலாம். ஆனால் பதிவில்லாத மன்றத்தோடு நகராட்சி ஒப்பந்தம் போட முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். துணை விதிகளை எழுதும்போது ‘சமூக சேவை’ என்று பொத்தாம்பொதுவாக முடிக்காமல், ‘விளையாட்டு, உடற்பயிற்சி, பொது சுகாதாரம்’ என்று நோக்கத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாது, இதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குப் போகும் என்ற வரியும் இருக்கட்டும். பின்னால் வரிவிலக்குப் பதிவு கேட்கும்போது அந்த ஒரு வரிக்காகத்தான் அலைய விடுவார்கள். ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து தவறாமல் தாக்கல் செய்யுங்கள். விட்டுக்கொண்டே போனால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு.

பிறகு நகராட்சி ஆணையருக்கு மனு. நகர்மன்றத் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் நகல். பதிவுச் சான்று, துணை விதிகள், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் இவற்றோடு, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், பயிற்சியாளர் யார், கட்டணம் என்ன, மாத வரவு செலவு எவ்வளவு என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

மனு நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏறித் தீர்மானமாக வேண்டும். விருப்பமுள்ள மற்ற அமைப்புகளும் வரட்டும் என்று நகராட்சி விளம்பரம் கொடுத்தால் கோபப்படாதீர்கள். பொதுச் சொத்தை ஓசைப்படாமல் ஒரு சங்கத்துக்குக் கொடுத்தால் நாளைக்குத் தணிக்கைத் தடை வரும்; அடுத்த நகர்மன்றம் வந்ததும் முதலில் ரத்தாவதும் அதுதான்.

தீர்மானத்துக்கு முன்பே நகராட்சிப் பொறியாளரோடு கட்டிடத்தைச் சுற்றிப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டுக்குப் பின்னால் பல நேரம் மின்கட்டண பாக்கி ஒளிந்துகொண்டிருக்கும்.

*தீர்மானம் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் எதை எதை எழுத வேண்டும்?*
– சங்கச் செயலாளர், பட்டுக்கோட்டை

முதலில் அது குத்தகையா, உரிமமா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். குத்தகை என்றால் இடத்தின் மேல் உங்களுக்கு ஓர் உரிமை பிறக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். உரிமம் என்றால் பயன்படுத்த அனுமதி மட்டுமே. நகராட்சி பெரும்பாலும் உரிமமே தரப் பார்க்கும், அதில் தப்பில்லை. ஆனால் 11 மாத உரிமத்தை நம்பி லட்சக்கணக்கில் மெஷின் வாங்கிப் போடாதீர்கள். மூன்றாண்டாவது கேளுங்கள். விலகுவதற்கு இரு தரப்புக்கும் 90 நாள் முன்னறிவிப்பு, விலகும்போது சங்கம் வாங்கிய பொருளைச் சங்கமே எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி, இரண்டும் கட்டாயம்.

அடுத்தது பழுது. கூடம் மூடப்படுவது இங்கேதான். மெஷின் கெட்டதும் நகராட்சி சங்கத்தைக் கைகாட்டும், சங்கம் நகராட்சியைக் கைகாட்டும். ஆறு மாதத்தில் துணி போட்டு மூடிவிடுவார்கள். ‘பராமரிப்பு சங்கத்தின் பொறுப்பு’ என்று ஒற்றை வரி எழுதுவதுதான் இதற்குக் காரணம். கோடு போட்டுப் பிரியுங்கள். கூரை, சுவர், கழிவறைக் குழாய், போர்வெல், மெயின் வயரிங் நகராட்சிக்கு. மெஷின், மேட், கண்ணாடி, மின்விசிறி, பல்பு சங்கத்துக்கு. நகராட்சி வாங்கித் தந்த மெஷினில் 5,000 ரூபாய் வரையான பழுது சங்கத்துக்கு, அதற்கு மேல் நகராட்சிக்கு என்று ஒரு வரம்பு வையுங்கள் (தொகையை நீங்கள் பேசி முடிவு செய்யலாம்). எழுதிக் கொடுத்து 30 நாளில் நகராட்சி செய்யாவிட்டால், சங்கம் செய்துவிட்டுச் செலுத்த வேண்டிய உரிமத் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

சாவி வாங்கும் நாளில் இருப்புப் பதிவேடு போடுங்கள். தம்பிள்ஸ் எத்தனை ஜோடி, எத்தனை கிலோ, எந்த மெஷினில் எந்தப் பாகம் இல்லை என்று இரு தரப்பும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட வேண்டும். படமும் எடுங்கள். உடைந்ததையும் ‘உடைந்தது’ என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் உடைத்தது நீங்கள் என்றாகிவிடும்.

உங்கள் பக்கத்துக்குப் புயல் ஷரத்து தனியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியதை உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிடச் சேதம் நகராட்சிக்கு, மெஷின்களுக்குச் சங்கம் இன்சூரன்ஸ், கூடம் மூடிய நாட்களுக்கு உரிமத் தொகை கிடையாது என்று எழுதுங்கள். நிவாரண முகாமுக்குக் கட்டிடம் தேவைப்பட்டால் காலி செய்து தருவோம் என்று நீங்களே முன்வந்து எழுதலாம். எப்படியும் கேட்பார்கள்.

*மாதம் 300 ரூபாய் வாங்கினால் கட்டுப்படியாகுமா? இலவசமாக நடத்த வேண்டும் என்கிறார்கள் சிலர்.*
– வாசகர், திருத்துறைப்பூண்டி

முழு இலவசம் வேண்டாம். பயிற்சியாளர் சம்பளம் நின்றால் கூடம் நிற்கும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

காலை, மாலை பயிற்சியாளர் இருவருக்குத் தலா 10,000, பகுதி நேரப் பெண் பயிற்சியாளருக்கு 6,000, துப்புரவு 4,000. டிரெட்மில் ஓடும் ஒரு மணிக்குச் சுமார் 1 யூனிட் என்று வையுங்கள். இரண்டு டிரெட்மில் தினம் 5 மணி, 26 நாள் ஓடினால் 260 யூனிட். விளக்கு, மின்விசிறிக்கு ஒரு 140. ஆக 400 யூனிட். வணிக விகிதப்பட்டியில் யூனிட் சுமார் 10 ரூபாய் என்றால் 4,000. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் மாதாமாதம் எடுத்து வைக்காவிட்டால் மூச்சு முட்டும். பழுது நிதி 5,000, முதலுதவி, ரசீதுப் புத்தகம், இன்சூரன்ஸ் 1,000. மொத்தம் 40,000.

150 உறுப்பினரில் 30 பேருக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்தால் 120 பேரிடம் 36,000, 30 பேரிடம் 4,500. மயிரிழையில் கட்டுப்படியாகிறது. ஆனால் நம் ஊரில் 150 பேர் ஆண்டு முழுக்க வர மாட்டார்கள். சம்பா நடவிலும் ஐப்பசி அடைமழையிலும் கூட்டம் பாதியாகும், அறுவடையில் மறுபடி குறையும். அதனால் ஆண்டுச் சந்தா என்று ஒன்று வையுங்கள்: 3,000 ரூபாய், அதாவது பத்து மாதக் கட்டணத்தில் பன்னிரண்டு மாதம். அதை நெல் விற்ற பணம் கையில் இருக்கும் தை, மாசியில் வசூலியுங்கள். ஆனியில் கேட்டால் உழவுக்கே பணமில்லை என்பார்கள், உண்மைதான்.

ஜி.எஸ்.டி. பயம் வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பதிவே தேவையில்லை. தாண்டினாலும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு 18 சதவீதமாக இருந்தது 5 ஆகிவிட்டது.

*டிரெட்மில் பத்து நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது. மோட்டாரை இயக்கும் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இரும்பெல்லாம் துரு வேறு.*
– வாசகர், நாகப்பட்டினம்

போர்டை மாற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட்டுக்கும் அடியிலுள்ள பலகைக்கும் இடையே காய்ந்துவிட்டால் உராய்வு கூடி, மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து, சூடேறி நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டின் அடியில் கையை விடுங்கள். வறவறவென்றிருந்தால் சிலிக்கான் ஆயில் இரண்டு பக்கமும் தலா 15 மில்லி விட்டு, மெதுவான வேகத்தில் 5 நிமிடம் நடந்து பரப்புங்கள். பொதுக் கூடத்தில் இதை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது, பெல்ட்டையே கெடுத்துவிடும்.

பெல்ட்டின் நடு ஓரத்தைத் தூக்கினால் 2 முதல் 3 அங்குலம் எழும்ப வேண்டும். அதற்குக் குறைந்தால் இறுக்கம் அதிகம், அதுவும் மோட்டாரைத் தின்னும். இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள இடது போல்ட்டை ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அவசரத்தில் ஒரு முழுச் சுற்று திருப்புவதுதான் வழக்கமான தப்பு.

பெல்ட் சரியாக இருந்தும் நின்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். சுற்றிலும் போர் மோட்டார் ஓடுகிற நேரத்தில் 230 இருக்க வேண்டியது எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டர் வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு டிரெட்மில்லுக்கும் தனி 16 ஆம்பியர் பிளக், 3 முதல் 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது. மழைத் தண்ணீர் ஏறும் இடமென்றால் பிளக்குகள் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். மோட்டார் மூடியைக் கழற்றி மாதமொருமுறை தூசி ஊதுங்கள். மெஷினுக்குப் பின்னால் 2 மீட்டர் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரை ஒட்டிப் போட்டால், தடுக்கி விழுபவர் ஓடும் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்.

துருவுக்கு வருவோம். கடற்காற்றில் உப்பும் வியர்வையில் உப்பும் சேர்ந்தால் குரோம் பூச்சு தாங்காது. இரவு மூடும் முன் காய்ந்த துணியால் ராடுகளைத் துடைப்பது பாதி வேலையை முடித்துவிடும். வாரம் ஒருமுறை ராடுகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பெயின்ட் உரிந்த பிளேட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்தபின் எனாமல் அடியுங்கள். புதிதாக வாங்கினால் ரப்பர் உறை போட்ட பிளேட்டே வாங்குங்கள்.

ஆபத்து, எடையை இழுக்கும் மெஷின்களின் கம்பிக் கயிற்றில் இருக்கிறது. மேல் நைலான் உறையில் வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருவேறும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். முனையில் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் அறும். ஓர் இழை தெரிந்தாலே அந்த மெஷினைக் கட்டி வைத்துவிட்டுக் கயிற்றை முழுதாக மாற்றுங்கள். முடிச்சுப் போட்டு, கிளிப் போட்டு ஒப்பேற்றினால் ஒருநாள் யாராவது ஒருவர் முகத்தில் அடிக்கும்.

*பெண்களுக்கும் அனுமதி உண்டு என்று போர்டு இருக்கிறது. ஒருவரும் போவதில்லை. ஏன்?*
– வாசகி, கும்பகோணம்

போர்டு மட்டும் இருப்பதால்தான். முதலில் பெண் பயிற்சியாளர், அப்புறம் அறிவிப்பு. காலை 10.30 முதல் 12, மாலை 3.30 முதல் 5 என்று பெண்களுக்கே தனி நேரம். அப்போது ஆண் நிர்வாகிகளும் உள்ளே வரக்கூடாது. ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பால் கண்ணாடி, கழிவறைக்கு உருப்படியான தாழ்ப்பாள். கேமரா வாசலுக்கும் கூடத்துக்கும் போதும். உடை மாற்றும் அறைப்பக்கம் திரும்பக்கூடாது, பதிவு யாருடைய சொந்த செல்போனிலும் ஓடக்கூடாது. 1 கிலோவிலிருந்து 5 கிலோ வரை தம்பிள்ஸ் வாங்குங்கள். 20 கிலோ ராடை மட்டும் காட்டி ‘தூக்குங்கம்மா’ என்றால் மறுநாள் யார் வருவார்கள்? பணியாளர் 10 பேருக்குக் குறைவாக இருந்தாலும் பாலியல் தொல்லைப் புகாருக்கு வழி உண்டு: 2013-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழு. அதன் விவரத்தைச் சுவரில் எழுதுங்கள்.

*பக்கத்துத் தொழிற்சாலையின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி கிடைக்குமா?*
– வாசகர், மயிலாடுதுறை

கிடைக்கலாம். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். உங்கள் சங்கத்துக்கு வரிவிலக்குக்கான 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுகளும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற எண்ணும் இருக்க வேண்டும். ‘ஜிம்’ என்று கேட்டால் யோசிப்பார்கள்; ‘நோய்த்தடுப்பு, விளையாட்டுப் பயிற்சி’ என்று சட்டத்தின் பட்டியலிலுள்ள தலைப்பில் கேளுங்கள். மெஷினுக்குக் கொடுப்பார்கள், சம்பளத்துக்குத் தயங்குவார்கள். தனியார் நன்கொடையை ரொக்கமாக வாங்கினால், 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது.

*அமெரிக்காவில் என் மகன் இருக்கும் ஊரில் நகராட்சி கட்டிய ஜிம்மை ஒய்.எம்.சி.ஏ. நடத்துகிறது. இங்கே ஒத்துவருமா?*
– வாசகர், தஞ்சாவூர்

1844-ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ இளைஞர் அமைப்பு அது. கூடைப்பந்து பிறந்ததே 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில்தான். சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் அதனுடையதே. அமெரிக்காவில் நகரம் கட்டிய கூடங்களில் வழக்கமான ஏற்பாடு, கட்டிடமும் பெரிய பழுதும் நகரத்துக்கு, ஆட்களும் கட்டணமும் அமைப்புக்கு என்பது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. வருகை, வரவு, செலவு, பழுது நான்கையும் ஒரே தாளில் எழுதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகராட்சிக்குக் கொடுத்தால் இங்கேயும் நடக்கும். வங்கியிலிருந்து சந்தா தானாகப் போவதுதான் இங்கே நடக்காது. ரசீதுப் புத்தகமும் கியூ.ஆர். அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

*புரோட்டீன் டப்பா விற்றால் கூடத்துக்கு வருமானம் வருமே?*
– வாசகர், கூத்தாநல்லூர்

வேண்டாம். டப்பாவில் ஆரம்பித்து ஸ்டீராய்டு ஊசியில் வந்து நிற்கும். விற்பனைத் தடையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

*சாவி யாரிடம் இருக்க வேண்டும்?*
– வாசகர், திருவாரூர்

மூன்று சாவி. ஒன்று காலையில் திறக்கும் பயிற்சியாளரிடம், ஒன்று செயலாளரிடம், ஒன்று முத்திரையிட்ட உறையில் நகராட்சி அலுவலகத்தில். பயிற்சியாளர் மாறினால் பூட்டையும் மாற்றுங்கள்.